சில்வர் பீச்சில் டிவி கச்சேரி: 60 மீட்டர் தள்ளி வைத்த பெட்டியால் எல்லாம் இரண்டு தடவை கேட்கிறது

மைக்செட் வீட்டுப் பையன், கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் அப்பா காலத்திலிருந்து மைக்செட் கடை வைத்திருக்கிறோம். கூம்பு, ஆம்ப்ளிஃபயர், டியூப்லைட் என்று ஆரம்பித்து, இப்போது பக்கத்துக்கு ஆறு வீதம் பன்னிரண்டு லைன் அரே பெட்டி (ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடுவது), எட்டு டபுள் 18 சப் (18 அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ள பேஸ் பெட்டி), மைக்குகளைக் கலக்க 32 சேனல் டிஜிட்டல் கன்சோல் வரைக்கும் வந்திருக்கிறோம், கடன் வேறு இருக்கிறது. இதுவரை செய்ததெல்லாம் கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டம்தான். முதல்முறையாக ஒரு டிவி சேனல் படம்பிடிக்கிற இசை நிகழ்ச்சி வந்திருக்கிறது. இடம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச், மாலை ஆறரைக்கு ஆரம்பம், எட்டாயிரம் பேர் வரலாம் என்கிறார்கள். மேடையிலிருந்து கடைசி வரிசை வரை 110 மீட்டர். கேமராவில் பின்னால் கடல் தெரியவேண்டும் என்று மேடையின் முதுகைக் கடல் பக்கம் வைக்கச் சொல்கிறார்கள்.

என் பயம் இதுதான். போன வருஷம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று 60 மீட்டரில் இரண்டு பெட்டி கூடுதலாகப் போட்டேன். சத்தம் கூடியது, ஆனால் அங்கே நின்றவர்களுக்குப் பாட்டு இரண்டு தடவை கேட்டது. ஒரு பெரியவர் நேராக வந்து, "தம்பி, பாடுறவருக்கு முன்னாடி இந்தப் பெட்டி பாடுது" என்று சொல்லிவிட்டுப் போனார். மானம் போய்விட்டது.

இன்னொன்று, சேனல்காரர்கள் தங்களுக்குத் தனி ஃபீட், அதாவது தனி ஒலி இணைப்பு, வேண்டும் என்கிறார்கள். என் கன்சோலிலிருந்து லெஃப்ட் ரைட் இரண்டு ஒயரைக் கொடுத்தால் போதாதா? அப்புறம் கடற்காற்றுக்கு ஏதாவது தனியாகச் செய்யவேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பளத்தான், புதுச்சேரி

தம்பி, அந்தப் பெரியவர் சொன்னது அப்படியே உண்மை. உங்கள் பெட்டி பாடகருக்கு முன்னால்தான் பாடியிருக்கிறது. ஒயரில் சிக்னல் உடனே போய்ச் சேர்ந்துவிடும், காற்றில் ஒலி நடந்துதான் வரும். நம் ஊர் 30 டிகிரி சூட்டில் நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். 60 மீட்டரைக் கடக்க 172 மில்லி செகண்ட். அதாவது உங்கள் இரண்டாவது பெட்டி ஒரு "த" சொல்லி முடித்து கிட்டத்தட்ட ஆறில் ஒரு நொடி கழித்துத்தான் மேடையின் "த" வருகிறது. "தமிழ்" என்று பாடினால் "ததமிமிழ்ழ்" என்று கேட்கும். இதை வால்யூமைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யவே முடியாது, நேரத்தைத்தான் சரிசெய்யவேண்டும்.

உங்கள் கன்சோலிலேயே மேட்ரிக்ஸ் அவுட்டுக்கு (தனியாகப் பிரித்து அனுப்பும் அவுட்) டிலே, அதாவது ஒலியைத் தாமதப்படுத்தும் வசதி, இருக்கும். டவருக்கு, அதாவது 60 மீட்டரில் உயர்த்தி நிறுத்தும் கூடுதல் பெட்டிக்கு, போகிற அவுட்டில் 172 வைத்து, அதோடு இன்னும் 10, 12 சேர்த்து 184 போல வையுங்கள். ஏன் கூடுதல் என்றால், எந்தச் சத்தம் முதலில் காதுக்கு வருகிறதோ அது வந்த திசையிலிருந்துதான் எல்லாம் வருவதாக நம் மூளை எடுத்துக்கொள்ளும். மேடைச் சத்தம் ஒரு துளி முந்தி வந்தால், பக்கத்தில் டவர் இருப்பதே தெரியாது, பாடகர் மேடையிலிருந்தே பாடுவது போலத் தெளிவாகக் கேட்கும். இதற்கு ஹாஸ் விளைவு என்று பெயர். முப்பது நாற்பது மில்லி செகண்டுக்கு மேல் பின்தங்கவிட்டால் மறுபடி எதிரொலியாகிவிடும், அதனால் தாராளம் வேண்டாம்.

அளக்கும் கருவி இல்லையென்றால் வழி சொல்கிறேன். மெட்ரோனோம் "டிக்"கை எல்லாப் பெட்டியிலும் விடுங்கள். டவருக்கு முன்னால் நின்றுகொண்டு, கன்சோலில் ஒரு பையனை உட்காரவைத்துப் போனில் பேசியபடி டிலேயைக் கூட்டச் சொல்லுங்கள். இரண்டு டிக்கும் நெருங்கி நெருங்கி வந்து ஒரே டிக்காக விழும் இடம் வரும். அங்கிருந்து 10, 12 கூட்டினால் முடிந்தது. டேப் வைத்து தூரத்தை அளந்து கணக்குப் போட்டதும் இதுவும் ஒத்துப்போகவேண்டும், ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தப்பு.

எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. டவருக்கு முன்னால் இருப்பவருக்குச் சரிசெய்துவிட்டீர்கள், டவருக்கும் மேடைக்கும் நடுவே, 40 மீட்டரில் நிற்பவர் கதி? மேடைச் சத்தம் அவருக்கு 115 மில்லி செகண்டில் வந்துவிடும். டவரின் முதுகிலிருந்து கசிகிற சத்தம் 184-உம், 20 மீட்டர் திரும்பி வரும் 57-உம் சேர்ந்து 241-இல் வரும். நடுவில் 125-க்கு மேல் இடைவெளி, நல்ல எதிரொலி. மேல் ஸ்வரங்கள் முதுகுப்பக்கம் அவ்வளவாகக் கசியாது, கீழ் ஸ்வரங்கள்தான் சுற்றிக்கொண்டு வரும். அதனால் டவர் பெட்டியில் 120, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். டவரில் சப் வேண்டவே வேண்டாம். பேஸ் மேடையிலிருந்தே தானாக வந்து சேரும், பின்வரிசைக்குத் தேவைப்படுவது வார்த்தைத் தெளிவுதான்.

இது நாம் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1973-இல் நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் என்ற இடத்தில் ஆறு லட்சம் பேர் கூடிய கச்சேரியிலேயே டவர் போட்டு டிஜிட்டல் டிலே வைத்தார்கள். 2006-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பிரேசிலின் கோபகபானா கடற்கரையில் வாசித்தபோது பத்து லட்சத்துக்கும் மேல் கூட்டம், மணலில் வரிசையாக டவர்தான். உங்களுக்கு எட்டாயிரம் பேர், 60 மீட்டரில் இடமும் வலமுமாக இரண்டு டவர் தாராளம்.

கூம்பு ராசா

எனக்கு ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாசி மகத்துக்கு இதே பீச்சில் எத்தனை வருஷமாகக் கூம்பு கட்டுகிறோம். கம்பத்துக்குக் கம்பம் ஒன்று. காணாமல் போன குழந்தை பெயரைச் சொன்னால் கடைசி வரைக்கும் கேட்கும். டிலேயும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. 110 மீட்டருக்கு இவ்வளவு அலட்டல் வேண்டுமா?

உப்பளத்தான், புதுச்சேரி

அண்ணே, கூம்பைக் குறை சொன்னால் என் அப்பாவே எழுந்து வந்து அடிப்பார். நீங்கள் செய்வது வேறு வேலை, அது அந்த வேலைக்குச் சரியான முறையும்கூட. கம்பத்துக்கு ஒரு கூம்பு என்றால் யாராக இருந்தாலும் ஏதோ ஒரு கூம்புக்குப் பக்கத்தில் நிற்கிறார், அதுதான் அவருக்குச் சத்தமாகக் கேட்கும், தூரத்துக் கூம்பு அமுங்கிவிடும். அதோடு அறிவிப்பாளர் நிறுத்தி நிறுத்திப் பேசுவார், ஒரே பெயரை மூன்று தடவை சொல்வார். அதே கூம்பு வரிசையில் ஒரு வேகமான பாட்டைப் போட்டுவிட்டு இரண்டு கம்பத்துக்கு நடுவே நின்று பாருங்கள், தாளம் எங்கே விழுகிறது என்றே தெரியாது. இங்கே மேடையில் ஆள் நிற்கிறார், கண் அங்கே இருக்கிறது, காதும் அங்கேயே இருக்கவேண்டும்.

ஓபி வேன் ஓரமாக

நான் பதினைந்து வருஷமாக ஓபி வேனில் (நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கே வந்து பதிவுசெய்யும் டிவி வண்டி) ஆடியோ பார்க்கிறேன். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். லெஃப்ட் ரைட் ஃபீட் போதாது, எமர்ஜென்சிக்கு மட்டும் கொடுத்து வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நீங்கள் கன்சோலில் கலப்பது அந்த மணலுக்காக. டிரம்ஸ் மேடையிலிருந்தே சத்தமாகக் கேட்கிறது என்று அதன் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே வைத்திருப்பீர்கள், காற்று அடிக்கிறது என்று குரலில் மேல் ஸ்வரத்தைத் தூக்கியிருப்பீர்கள், மணலில் அது சரி. அதையே வீட்டில் உட்கார்ந்து டிவியில் கேட்டால் டிரம்ஸ் பக்கத்துத் தெருவிலிருந்து வரும், குரல் காதைக் கிழிக்கும், கூட்டம் என்று ஒன்று இருந்ததே தெரியாது. எட்டாயிரம் பேருக்கு ஒரு கச்சேரி, வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு கச்சேரி. மைக் மட்டும்தான் பொது.

அதனால் மேடையிலேயே ஸ்ப்ளிட்டர் வேண்டும். ஒவ்வொரு மைக் ஒயரும் அங்கே மூன்றாகப் பிரிந்து உங்கள் கன்சோலுக்கு ஒன்று, பாடுபவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளும் மேடை மானிட்டருக்கு ஒன்று, வேனுக்கு ஒன்று. வேன் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்ப்ளிட்டராக இருக்கட்டும். எங்கள் வண்டிக்குத் தனி ஜெனரேட்டர், உங்களுக்குத் தனி ஜெனரேட்டர், இரண்டு எர்த்தும் மைக் ஒயர் வழியாகக் கைகோத்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஆரம்பித்துவிடும். மைக் ஒயர் வழியாகவே மைக்குக்குப் போகும் ஃபேன்டம் 48 வோல்ட்டை ஒருவர் மட்டும் கொடுப்பது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். டிஜிட்டலாகப் பிரித்தால் இன்னொரு வம்பு, மைக் சிக்னலைப் பெருக்கும் ஒரே பிரீஆம்ப்பை இரண்டு பேரும் பகிர்ந்தால் நீங்கள் பாட்டின் நடுவில் கெய்னை, அதாவது பெருக்கும் அளவைத், தொட்டதும் என் ரெக்கார்டிங்கில் குரல் குதிக்கும். சவுண்ட் செக் முடிந்த பிறகு கெய்னில் கைவைக்கமாட்டேன் என்று ஒரு சத்தியம் வாங்கிக்கொள்வது என் வழக்கம். கன்சோலை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், வீடியோ உலகம் முழுக்க அதுதான்.

கூட்டத்தின் கைதட்டலுக்குத் தனி மைக் நாங்கள் வைப்போம். மேடை விளிம்பிலிருந்து கூட்டத்தைப் பார்த்தபடி இரண்டு, 50 மீட்டரில் இரண்டு. தூரத்து மைக்கில் பாட்டு 143 மில்லி செகண்ட் தாமதமாகத்தான் வந்து விழும், வீடியோ கணக்கில் நொடிக்கு 25 ஃபிரேம், ஃபிரேமுக்கு 40 மில்லி செகண்ட், ஆக மூன்றரை ஃபிரேம். அதை நேரம் பொருத்தாமல் கலந்தால் உங்கள் மஞ்சக்குப்பம் கதை டிவியிலும் நடக்கும். இதை நாங்கள் பார்த்துக்கொள்வோம், நீங்கள் அந்த மைக்குகளுக்கு நேரே உங்கள் பெட்டியைத் திருப்பாமல் இருந்தால் போதும். பீச் என்பதால் அவற்றுக்கு ரோமத் தொப்பி கட்டாயம், வெறும் பஞ்சு நுரை கடற்காற்றுக்கு நிற்காது.

முக்கியமான ஒன்று, ஸ்பேர் மைக். 1985 லைவ் எய்ட், லண்டன் வெம்பிளி, உலகமே பார்க்கிறது, பால் மெக்கார்ட்னி பியானோவில் உட்கார்ந்து பாட ஆரம்பிக்கிறார், முதல் இரண்டு நிமிஷம் மைக் வேலை செய்யவில்லை. அவருக்கே அந்தக் கதி. ஆன் செய்து, பேட்டரி மாற்றி, சேனலும் ஒதுக்கி, கையில் ஒரு மைக்கோடு ஓர் ஆள் மேடையோரம் நிற்கவேண்டும். அந்த ஆளுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள், டீ வாங்கவும் அனுப்பாதீர்கள்.

மைக்செட் வீட்டுப் பையன், கடலூர்

அண்ணே இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஸ்ப்ளிட்டர் என்னிடம் இல்லை, வாடகைக்குக் கேட்கிறேன். சப் விஷயம் சொல்லவில்லையே? எட்டையும் பக்கத்துக்கு நான்காக அடுக்குவதுதான் வழக்கம். அப்புறம் காற்று. ஈரக்காற்று சத்தத்தைத் தின்றுவிடும் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். மேல் ஸ்வரத்தை எவ்வளவு ஏற்றி வைப்பது?

உப்பளத்தான், புதுச்சேரி

அது தலைகீழான நம்பிக்கை தம்பி. மேல் ஸ்வரத்தை அதிகம் தின்பது வறண்ட காற்றுதான். 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்தில் 8000 ஹெர்ட்ஸ் 100 மீட்டரில் ஆறு டெசிபல் அளவுக்குத்தான் குறையும். 15 டிகிரி, 20 சதவீதம் என்கிற குளிர்ந்த வறண்ட ஊரில் அதே தூரத்தில் இருபது டெசிபல் காணாமல் போகும். நம் கடலோரம் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த இடம். உப்பு தின்பது உங்கள் கனெக்டர்களைத்தான், நிகழ்ச்சி முடிந்த அன்றைக்கு ராத்திரியே துடைத்துவிடுங்கள்.

உண்மையில் படுத்துவது காற்று வீசும் திசையும் மணலின் சூடும். சாயங்காலம் கடலிலிருந்து கரைக்கு வீசும். மேடையின் முதுகு கடல் பக்கம் என்றால் ஒலியும் காற்றும் ஒரே திசை. காற்றோடு போகிற ஒலி தரையை நோக்கி வளையும், பின்வரிசைக்கு நன்றாகக் கேட்கும், அதோடு நிற்காமல் ஊருக்குள்ளும் போகும். மதியம் நான்கு மணிக்கு சவுண்ட் செக் செய்யும்போது மணல் கொதிக்கும், தரையோரக் காற்று சூடாக இருப்பதால் ஒலி மேலே வளைந்து எழும்பிவிடும், பின்னால் கேட்கவில்லையே என்று நீங்கள் ஏற்றி வைப்பீர்கள். பொழுது சாய்ந்து மணல் ஆறியதும் அதே அளவு ஊரையே எழுப்பும். அதனால் மதியம் வைத்த அளவை நம்பாதீர்கள், ஏழு மணிக்கு ஒரு தடவை கடைசி வரிசைக்கு நடந்துபோய்க் கேளுங்கள். டிலேயைப் பற்றிக் கவலை வேண்டாம், 33 டிகிரி 26-க்கு இறங்கினாலும் 60 மீட்டரில் இரண்டு மில்லி செகண்ட்தான் மாறும்.

சப்பை இரண்டு பக்கமும் அடுக்கினால் மைதானத்தின் நடுக்கோட்டில் மட்டும் நெஞ்சு அதிரும், கொஞ்சம் தள்ளி நின்றால் பேஸ் காணாமல் போகும், அடுத்த பத்தடியில் மறுபடி வரும். இரண்டு பக்கத்து அலைகளும் சில இடத்தில் கூடி, சில இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுதான் காரணம். எட்டையும் மேடைக்கு முன்னால் ஒன்றரை, இரண்டு மீட்டர் இடைவெளியில் ஒரே வரிசையாக வையுங்கள். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலே கால் மீட்டர் சொச்சம், இடைவெளி அதில் பாதிக்குள் இருக்கிறது, அதனால் எட்டும் ஒரே பெட்டி மாதிரி வேலை செய்யும்.

உங்கள் ஆறு பெட்டி லைன் அரே பற்றியும் ஒரு வார்த்தை. லைன் அரே தூரம் இரட்டிக்க மூன்று டெசிபல்தான் இழக்கும், சாதாரணப் பெட்டி ஆறு இழக்கும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஆறு பெட்டி சேர்ந்தால் நீளம் இரண்டு மீட்டர் வருமா? அந்த நீளத்துக்கு மேல் ஸ்வரத்தில்தான் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும், குரலின் கீழ்ப்பகுதியில் அதுவும் சாதாரணப் பெட்டிதான். அதனால் 110 மீட்டரை அதைக்கொண்டே எட்ட நினைக்காதீர்கள். மேல்பெட்டியை 60, 65 மீட்டருக்குக் குறிவைத்து நிறுத்துங்கள், மிச்சத்தை டவர் பார்க்கட்டும். ஊருக்குள் போகிற சத்தமும் குறையும்.

ஓபி வேன் ஓரமாக

மேடைக்கு முன்னால் எட்டு சப்பா! எங்கள் டைரக்டர் கேமரா டிராலிக்குத் தண்டவாளம் போடுவதே அந்த இடத்தில்தான். நிகழ்ச்சியன்று காலையில் சண்டை வரும், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சேனல்காரர்களிடம் மேடை வரைபடத்தை இப்போதே வாங்கி, சப், டவர், ஜிப் கேமரா (நீண்ட கையில் மேலே தூக்கி ஆட்டும் கேமரா) மூன்றையும் ஒரே தாளில் வரைந்து கையெழுத்து வாங்குங்கள். டவரும் ஜிப்பும் முட்டிக்கொண்டு கடைசி நேரத்தில் டவரைப் பதினைந்து மீட்டர் தள்ளிவைத்த நிகழ்ச்சி ஒன்றில் நானே இருந்திருக்கிறேன், தள்ளிவைத்தவர் டிலேயை மாற்ற மறந்துவிட்டார்.

எல்இடி திரை வைக்கிறார்களா? கேமராவிலிருந்து திரைக்கு வர இரண்டு மூன்று ஃபிரேம் ஆகும், 80-லிருந்து 120 மில்லி செகண்ட். 30, 40 மீட்டரில் நிற்பவருக்கு ஒலியும் அந்த அளவு தாமதமாகத்தான் வரும், உதட்டசைவு தானாகப் பொருந்திவிடும். அதில் கைவைக்க வேண்டாம். திரையை மட்டும் உங்கள் ஜெனரேட்டரில் சேர்க்கவிடாதீர்கள்.

கூம்பு ராசா

கரண்ட் பேச்சு வந்ததால் நானும் சொல்கிறேன், இது எனக்குத் தெரிந்த ஏரியா. நியூட்ரலை முதலில் கட்டு, கடைசியில் கழற்று. மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 இருக்கவேண்டிய இடத்தில் 400-க்குப் பக்கத்தில் ஏறும், ஒரு நொடியில் மொத்த ஆம்ப்ளிஃபயரும் போய்விடும். ஒரு திருவிழாவில் என் நான்கு ஆம்ப்ளிஃபயர் அப்படித்தான் போனது. எர்த் கம்பியைக் காய்ந்த மணலில் அடித்தால் சும்மா அடித்த மாதிரிதான், ஈரமண் தட்டும்வரை இறக்கி, உப்புத்தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்துப் பார்.

டவருக்குக் காலடியில் பலகை போட்டு அகலப்படுத்து, இல்லையென்றால் மணல் ஒரு பக்கம் உள்வாங்கும். நாலு மூலைக்கும் தண்ணீர் டேங்க் கனம் கட்டு. தானே புயல் பார்த்த ஊர் நம்முடையது, காற்று கூடினால் கச்சேரி ஓடினாலும் பெட்டியைக் கீழே இறக்கிவிடு, யார் கத்தினாலும் சரி.

போலீஸ் அனுமதி யார் பெயரில் என்றும் கேட்டுக்கொள். 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஏதோ சில நாளுக்கு அரசு 12 வரை தளர்த்தலாம், வருஷத்துக்குப் பதினைந்து நாளுக்கு மேல் இல்லை. இடத்தின் எல்லையில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றும் இருக்கிறது. டிவிக்காரர்கள் ரீடேக் ரீடேக் என்று இழுப்பார்கள், பத்தே காலுக்கு இன்ஸ்பெக்டர் வந்து நிற்கும்போது அவர் தேடுவது மைக்செட்காரனைத்தான்.

மைக்செட் வீட்டுப் பையன், கடலூர்

எல்லோருக்கும் ஒரு தகவல். ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சக்குப்பத்திலேயே இரண்டு பெட்டி வைத்து டிக் சோதனை செய்தேன். டேப்பில் சரியாக 60 மீட்டர். 172 வரும் என்று நினைத்தால் 178-இல்தான் இரண்டு டிக்கும் ஒன்றானது. ஒரு மணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் தெரிந்தது, மேடைப் பக்கப் பெட்டிகளுக்கு முன்னால் இருக்கிற பிராசஸரில் யாரோ ஆறு மில்லி செகண்ட் டிலே போட்டுவைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான், போன தீபாவளிக்கு. அதை எடுத்ததும் 172. அதோடு 12 சேர்த்தேன், டவர் பெட்டி ஓடுகிறதா என்று தம்பி பக்கத்தில் போய்க் காதை வைத்துப் பார்த்தான்.

டைரக்டரிடம் பேசியாகிவிட்டது. தண்டவாளம் நடுவில் வேண்டுமாம், சப் எட்டையும் மேடைக்கு அடியில் முன்விளிம்போரம் வைத்துத் துணி கட்டிக்கொள்ளச் சொல்கிறார். மேடைப் பலகை அதிராதா அண்ணே?

உப்பளத்தான், புதுச்சேரி

அதிரும். சப் பலகையையோ மேடைக் காலையோ தொடாமல் தரையில் நிற்கட்டும், முகம் விளிம்புக்கு வெளியே ஒரு சாணாவது வந்திருக்கட்டும், மெல்லிய துணியாகக் கட்டுங்கள். மேடை மைக்குகள் எல்லாவற்றிலும் 80, 100-க்குக் கீழே வெட்டிவிடுங்கள், கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் மட்டும் விலக்கு. வயலின், வீணை வாசிப்பவர் இருந்தால் அவர் உட்காரும் இடத்தில் ஒரு தடிமனான ரப்பர் பாய் போடுங்கள். நிகழ்ச்சி என்றைக்கு என்று சொல்லுங்கள், 60 மீட்டரில் வந்து நின்று கேட்கிறேன்.